பியானோ கான்செர்டோ: நம்மைப் போன்றவர்கள் வாசிக்கலாமா?

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டே வருவார். "ஆமா... இல்லையில்ல... அப்படியா சொன்னான்?... சரி, நான் பாத்துக்கறேன்." அவர் பேசுவது அத்தனையும் நம் காதில் விழும். விஷயம் மட்டும் பிடிபடாது. மறுமுனையில் இருப்பவர் என்ன கேட்டார் என்று தெரியாதவரை இந்தப் பக்கத்துப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

பியானோ கான்செர்டோவை வீட்டில் தனியாகச் சாதகம் பண்ணுகிறவரின் நிலைமையும் இதுதான். கையில் இருப்பது பேச்சின் ஒரு பக்கம். மறுபக்கம் ஆர்க்கெஸ்ட்ராவிடம் இருக்கிறது. நன்றாகவே பியானோ வாசிப்பவர்கள்கூட முதல் கான்செர்டோவில் தடுமாறுவது விரல் ஓடாததால் அல்ல, இந்த மறுபக்கத்தைக் கற்றுக்கொள்ளாததால்தான் என்பது என் அனுபவம். முப்பத்தாறு வயதில் கீபோர்டு வாங்கி, ஆபீஸ் விட்டு வந்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழகும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். மேடையேறும் எண்ணமெல்லாம் கிடையாது. அப்படிப்பட்ட இன்னொருவருக்குச் சொல்வதுபோல இதைச் சொல்கிறேன்.

கான்செர்டோ என்றால்

ஒரு தனி வாத்தியமும் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பதற்கென்று எழுதப்பட்ட இசை கான்செர்டோ. தனி வாத்தியம் பியானோ என்றால் பியானோ கான்செர்டோ. பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும்: முதலாவது விறுவிறுப்பு, நடுவில் நிதானம், கடைசியில் மறுபடி விறுவிறுப்பு. கான்செர்டோ என்ற சொல்லின் வேருக்கு லத்தீனில் போட்டியிடுவது என்றும், இத்தாலியத்தில் இணங்கிப் போவது என்றும் பொருள். எது மூலம் என்று மொழியறிஞர்கள் முட்டிக்கொள்ளட்டும். வாசிப்பவருக்கு இரண்டுமே வேண்டும்.

சினிமாப் பாட்டில் பாடகருக்குப் பின்னால் வயலின்கள் வருகின்றனவே, அந்த மாதிரியா என்று கேட்டால், இல்லை. அங்கே குரல் முன்னால், வாத்தியங்கள் பின்னால். கான்செர்டோவில் ஆர்க்கெஸ்ட்ரா வெறும் பக்கவாத்தியம் அல்ல. சில இடங்களில் மெட்டு ஓபோவிடமோ (நாகஸ்வரம் மாதிரி ஊதும் வாத்தியம்) வயலின்களிடமோ இருக்கும், பியானோ அதைச் சுற்றிக் கோலம் போட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் பியானோக்காரர்தான் பக்கவாத்தியம். அது தெரியாமல் அங்கேயும் ஓங்கி அடித்தால் மெட்டு காணாமல் போய்விடும்.

மோட்ஸார்ட் காலத்துக் கான்செர்டோவில் முதல் பகுதி தொடங்கும்போது பியானோக்காரருக்கு வேலையே இருக்காது. ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் சுமார் இரண்டு நிமிடம் வாசித்து, பின்னால் வரப்போகிற மெட்டுகளில் பலவற்றை முன்கூட்டியே காட்டிவிடும். இப்படி எல்லோருமாகச் சேர்ந்து வாசிக்கும் இடத்துக்கு டுட்டி என்று பெயர். பிறகுதான் பியானோ உள்ளே வரும். இந்த வழக்கத்தை மீறியவர்கள் உண்டு. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் பீத்தோவன் மக்கள் முன் வாசித்த நான்காவது கான்செர்டோ, யாரும் எதிர்பாராதபடி பியானோவில் அடங்கிய ஒலியில் ஐந்தே பார் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று, நம் ஆவர்த்தனம் மாதிரி) தனியாக வாசிப்பதோடு தொடங்குகிறது. கேட்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதல் பகுதி முடியப்போகும் நேரத்தில் ஆர்க்கெஸ்ட்ரா ஓரிடத்தில் வந்து அப்படியே நின்றுவிடும். கண்டக்டர் கையை இறக்கிவிடுவார் (கண்டக்டர் என்றதும் விசில் ஞாபகம் வந்தால் நீங்களும் நம்ம ஆள்தான்). இனிப் பியானோ தனியாக. இதுதான் கேடன்சா. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், ஒருவர் தன் கற்பனையைக் காட்டுவார், மோராவும் கோர்வையும் வந்ததும் பாடகர் நிமிர்ந்து அடுத்த வரியை எடுக்கத் தயாராவார். இங்கே கோர்வையின் வேலையைச் செய்வது ட்ரில். அதாவது பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை மாற்றி மாற்றி வேகமாக அடித்து நீட்டுவது. ட்ரில் காதில் விழுந்ததும் வயலின்காரர்கள் வில்லைத் தூக்கிவிடுவார்கள். ஒரு வித்தியாசம், தனியில் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும், கேடன்சாவில் தாளத்தை அவிழ்த்து விட்டுவிடலாம். அந்தக் காலத்தில் இதை அங்கேயே கற்பனையாக வாசித்தார்கள். பீத்தோவனுக்கு வாசிப்பவர்களின் கற்பனை மீது நம்பிக்கை போய்விட்டதோ என்னவோ, 1809இல் எழுதிய ஐந்தாவது கான்செர்டோவில் "இங்கே கேடன்சா போடாதே, நேராக அடுத்ததற்குப் போ" என்ற பொருளில் நோட்டிலேயே எழுதிவைத்துவிட்டார்.

இது யாருடைய சொத்து?

கான்செர்டோ என்றதும் ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோஃப் எழுதியதை வியர்வை வழிய வாசிக்கும் ஒருவரின் முகம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ரக்மானினோஃபின் மூன்றாவது கான்செர்டோ 1909இல் அமெரிக்கப் பயணத்துக்காக எழுதப்பட்டது. போகும் வழியில் கப்பலில் சத்தம் வராத பயிற்சிக் கீபோர்டில் அவரே அதைப் பழகிக்கொண்டு போனார். எழுதியவருக்கே அந்த நிலைமை. அந்த நோட்டை ஆசையாகத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடிவைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் கான்செர்டோ எப்போதுமே சாகசக்காரர்களின் ஆட்டக்களமாக இருந்ததில்லை. 1776இல் ஸால்ஸ்புர்க் நகரத்து லோட்ரோன் சீமாட்டியும் அவருடைய இரண்டு மகள்களும் சேர்ந்து வாசிக்க மோட்ஸார்ட் மூன்று பியானோக்களுக்கான கான்செர்டோ ஒன்றை எழுதினார். சின்னவளுக்கு அவ்வளவாகக் கை ஓடாது, அதனால் மூன்றாவது பியானோவுக்கு வேலை குறைவு. 1784இல் வியன்னாவில் பார்பரா ப்ளாயர் என்ற மாணவிக்காக இரண்டு கான்செர்டோ எழுதினார். அதில் ஜி மேஜர் ஸ்கேலில் உள்ளதை அந்த ஜூன் மாதம் டோப்ளிங்கில் இருந்த ப்ளாயர் வீட்டுக் கச்சேரியில் அந்தப் பெண்ணே வாசிக்க ஏற்பாடாயிற்று. இத்தாலிய இசையமைப்பாளர் பைஸியெல்லோவை அதைக் கேட்பதற்காக மோட்ஸார்ட் தன்னோடு அழைத்துப் போனார், தன் மாணவியைக் காட்டத்தான். இவர்கள் யாரும் வாசித்துச் சம்பாதித்தவர்கள் அல்ல. இன்றைய மொழியில் அமெச்சூர்கள்.

இன்றும் அந்த வழி அடைபடவில்லை. அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் க்ளைபர்ன் அறக்கட்டளை 1999 முதல் அமெச்சூர் பியானோக்காரர்களுக்கென்றே ஒரு போட்டி நடத்துகிறது. குறைந்தது முப்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. வயதானால் தகுதி கூடும் போட்டி உலகத்தில் எத்தனை இருக்கிறது?

என் தேர்வு: கே. 414

எதில் தொடங்குவது? சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பியானோ கிரேடு பரீட்சைகளில் ஐந்தாவதைத் தாண்டாதவர்கள் அவசரப்பட வேண்டாம். அதற்குமேல் என்றால் ஹைடனின் டி மேஜர் கான்செர்டோ, பாகின் எஃப் மைனர் கான்செர்டோ இரண்டும் நல்ல வாசல்கள். ஷோஸ்டகோவிச் தன் மகன் மாக்ஸிமுக்காக 1957இல் எழுதிய இரண்டாவது கான்செர்டோவின் நடுப்பகுதி, கேட்கும்போது தெரியும் அளவுக்குக் கைக்குக் கஷ்டமில்லை. ஆனால் அதன் மற்ற இரண்டு பகுதிகளும் ஓட்டமோ ஓட்டம்.

நான் எடுத்துக்கொண்டது மோட்ஸார்டின் ஏ மேஜர் கான்செர்டோ, கே. 414. (அந்த 'கே', கோஹெல் என்ற ஆஸ்திரியரின் பெயருக்கான சுருக்கம். மோட்ஸார்டின் படைப்புகளை வரிசைப்படுத்தி அவர் 1862இல் வெளியிட்ட பட்டியலின் எண்கள் இவை.) 1782இல் வியன்னாவுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த மோட்ஸார்ட், கைக்காசு புரள வேண்டும் என்பதற்காகச் சந்தா முறையில் விற்க எழுதிய மூன்று கான்செர்டோக்களில் ஒன்று. விற்பனைச் சரக்கு என்பதால் வாங்குகிறவரை மனத்தில் வைத்து எழுதினார். அந்த டிசம்பரில் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், இவை ரொம்பச் சுலபமும் இல்லை, ரொம்பக் கஷ்டமும் இல்லை, விஷயம் தெரிந்தவர்களுக்கென்று சில இடங்கள் உண்டு, தெரியாதவர்களுக்கும் ஏன் என்று தெரியாமலே பிடித்துப்போகும் என்ற கருத்தில் சொல்கிறார்.

அடுத்த மாதம் வியன்னா செய்தித்தாளில் வந்த விளம்பரத்தில்தான் நமக்கான வரி இருக்கிறது. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இருந்தால் அதோடு வாசிக்கலாம், இல்லாவிட்டால் நாலே பேரோடும் வாசிக்கலாம். இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செல்லோ. ஓபோவும் ஹார்னும் இல்லாவிட்டாலும் இசையில் ஓட்டை விழாதபடி எழுதியிருக்கிறார். நாற்பது பேரைக் கூட்ட நம்மால் முடியாது. நாலு பேரைக் கூட்டிவிடலாம்.

இதன் நடுப்பகுதிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மோட்ஸார்ட் எட்டு வயதில் லண்டனுக்குப் போயிருந்தபோது, பெரிய பாகின் கடைசி மகன் யோஹான் கிறிஸ்டியான் பாக் அந்தப் பையனைத் தன் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, இவர் சில பார், அவன் சில பார் என்று மாறி மாறி வாசித்ததை அக்கா நான்னெர்ல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பிறகு அந்த மனிதரின் சொனாட்டாக்கள் மூன்றை எடுத்து, வயலின்களைச் சேர்த்துக் கான்செர்டோவாக மாற்றித்தான் சின்ன மோட்ஸார்ட் கைபழகினான். 1782 புத்தாண்டு தினத்தில் இந்த இளைய பாக் இறந்துபோனார். அதே வருடம் எழுதிய கே. 414இன் நடுப்பகுதி, அவர் ஓர் ஓபெராவுக்கு எழுதிய முன்னிசையின் மெட்டோடு தொடங்குகிறது. முதலில் வயலின்கள் அடங்கிய குரலில் அதைச் சொல்ல, பிறகு பியானோ வாங்கிக்கொள்கிறது. மாறி மாறி வாசித்த அந்த லண்டன் நாளை நினைக்காமல் என்னால் அந்த இடத்தைத் தாண்ட முடிவதில்லை.

பழகிய கதை

முதலில் நோட்டு. "இரண்டு பியானோ ஸ்கோர்" என்று கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் மேலே உள்ள இரண்டு ஸ்டாஃப் (ஸ்வரங்களை எழுதும் ஐந்து கோடுகள்) உங்களுக்கு, கீழே உள்ள இரண்டும் ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பதைச் சுருக்கி இன்னொரு பியானோவுக்குப் பொருத்தியது. இதுதவிர ஆர்க்கெஸ்ட்ராவின் முழு ஸ்கோரும் கையில் இருக்க வேண்டும். ஸால்ஸ்புர்க் மோட்ஸார்ட்டேயம் என்ற அறக்கட்டளை தன் இணையதளத்தில் மோட்ஸார்டின் படைப்புகள் எல்லாவற்றையும் இலவசமாகவே வைத்திருக்கிறது.

நான் செய்த தப்பு, கீழ் இரண்டு ஸ்டாஃபைத் திரும்பிக்கூடப் பார்க்காதது. ஏழு மாதம் என் பங்கை மட்டும் தேய்த்தேன். ஸ்கேல், ஆர்பெஜியோ எல்லாம் வழவழவென்று வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது பியானோவில் டீச்சர் உட்கார்ந்து ஆர்க்கெஸ்ட்ராவின் பங்கை ஆரம்பித்தார். மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப அழகாக இருந்தது, கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். திடீரென்று அமைதி. டீச்சர் என்னையே பார்க்கிறார்.

"என்ன சார், பந்தியில பரிமாறுவாங்கன்னு உக்காந்திருக்கீங்களா? உங்க இடம் போயிடுச்சு."

இரண்டாவது தடவை பதற்றத்தில் ஒரு பார் முன்னாலேயே குதித்துவிட்டேன். மூன்றாவது தடவை சரியாக உள்ளே போனேன். பத்துப் பார் தாண்டுவதற்குள் ஒரு ஸ்வரம் தப்பியது. வீட்டுப் பழக்கத்தில் பின்னால் போய் அதைத் திருத்தி வாசித்தேன். டீச்சர் நிற்கவில்லை. அவர் ஓரிடத்தில், நான் ஓரிடத்தில்.

"நீங்க திரும்பிப் போனா ஆர்க்கெஸ்ட்ரா நாப்பது பேரும் உங்களோட திரும்பி வரணுமா? விட்டுட்டு வாங்க. கை விட்டதைக் காது மறந்துடும். தாளம் விட்டா எல்லாருக்கும் தெரியும்."

அன்றிலிருந்து சாதகத்தின் முறையே மாறியது. தனியாக வாசிக்கும் சொனாட்டாவில் தப்பினால் நிற்கலாம், மூச்சு விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கான்செர்டோ டவுன் பஸ் மாதிரி, ஓடிப்போய் அடுத்த ஸ்டாப்பில்தான் ஏற வேண்டும். ஆகவே நோட்டில் எட்டுப் பாருக்கு ஒருமுறை பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன், அவைதான் ஸ்டாப்புகள். எந்த வட்டத்திலிருந்தும் சட்டென்று தொடங்கி வாசிக்கப் பழகினேன். பிறகு மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) ஓடவிட்டு வாசிப்பேன், தப்பினால் இரண்டு கையையும் எடுத்துவிடுவேன், மெட்ரோனோம் மட்டும் ஓடும், மனத்துக்குள் எண்ணிக்கொண்டே அடுத்த வட்டத்தில் ஏறுவேன். கொஞ்ச நாளில் கையை எடுக்கவே தேவையில்லாமல் போனது. இடது கையில் தாளத்தின் முதல் அடியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் வலது கை எப்படியோ வந்து சேர்ந்துகொள்ளும்.

காத்திருப்புக்கு எண்ணிக்கை மட்டும் போதாது, மெட்டு வேண்டும். முதல் டுட்டி முழுவதையும் வாயால் பாடக் கற்றுக்கொண்டேன். அறுபது சொச்சம் பார்களை எண்ணுவதைவிடப் பாடுவது சுலபம். எண்ணும்போது ஒரு நினைப்பு வந்தால் போச்சு, பாடும்போது அடுத்த வரி தானாக வரும். உள்ளே நுழையும்போது பியானோ எடுப்பது அதே தொடக்க மெட்டைத்தான் என்பதால், பாடிக்கொண்டே வந்தவருக்கு அது நுழைவாகவே தெரியாது.

இன்னொரு பழைய வழியும் இருக்கிறது. மோட்ஸார்ட் காலத்தில் டுட்டியின்போது பியானோக்காரர் சும்மா உட்காரவில்லை. செல்லோவின் அடிக்குரல் வரியை இடது கையில் கூடவே வாசித்துக்கொண்டிருப்பார். கையெழுத்துப் படிகளிலேயே அதற்கான குறிப்பு இருக்கிறது. அந்த வரியை மென்மையாக வாசித்துக்கொண்டே வந்தால் குளிரில் விறைத்த கையோடு திடீரென்று ஓட வேண்டிய கஷ்டமும் இல்லை. கச்சேரி மேடையில் இப்போது சிலர்தான் இப்படிச் செய்கிறார்கள். வீட்டில் யார் கேட்கப் போகிறார்கள்?

கூட வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்கு, பியானோவை மட்டும் விட்டுவிட்டு ஆர்க்கெஸ்ட்ராவை மட்டும் பதிவு செய்த ஒலித்தடங்கள் உண்டு. மியூசிக் மைனஸ் ஒன் என்ற நியூயார்க் நிறுவனம் 1950 முதலே இந்த மாதிரி இசைத்தட்டுகளைப் போட்டுவந்தது. இப்போது வேகத்தைக் குறைத்து ஓட்டும் செயலிகள் வந்துவிட்டதால் இன்னும் வசதி. ஆனால் ஒலித்தடம் ஒரு முரட்டுக் கூட்டாளி. நீங்கள் வாசிப்பதை அது கேட்காது. நடுப்பகுதியில் ஒரு ஸ்வரத்தை ரசித்து நீட்டினீர்களானால் அது பாட்டுக்குப் போய்விடும். சேர்ந்து வாசிப்பதில் பாதிதான் அதில் கிடைக்கும். சுருதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் பியானோ வழக்கமாக 440 ஹெர்ட்ஸில் இருக்கும். பல ஆர்க்கெஸ்ட்ராக்கள் 442இல் வாசிக்கும். பழங்கால வாத்தியங்களில் வாசித்த பதிவென்றால் 430 வாக்கில் இருக்கும். காது வலிக்கிறதே, பியானோ கெட்டுவிட்டதோ என்று நான் ஒரு வாரம் குழம்பியிருக்கிறேன். மெனுவுக்குள் போய் டியூனிங் எண்ணை மாற்றினால் தீர்ந்தது.

கீபோர்டில் எண்பத்தெட்டுக் கட்டை இல்லையே என்று சிலர் தயங்குகிறார்கள். மோட்ஸார்டின் பியானோவுக்கே அறுபத்தொரு கட்டைதான், ஐந்து ஆக்டேவ் (நம் ஸ்தாயி). நாம் கடையில் வாங்கும் அறுபத்தொரு கட்டை கீபோர்டும் ஐந்து ஆக்டேவ்தான், ஆனால் அவருடையது எஃப்பில் தொடங்கி எஃப்பில் முடியும், நம்முடையது சி முதல் சி வரை. அதனால் இடது கையின் அடியில் சில ஸ்வரங்கள் இல்லாமல் போகும். அவற்றை ஓர் ஆக்டேவ் மேலே வாசித்துச் சமாளிக்கலாம். கட்டையின் எண்ணிக்கையைவிட, அழுத்தினால் எடை தெரிகிற கட்டையா என்பதுதான் முக்கியம். விளையாட்டுப் பொருள் மாதிரி அமுங்கும் கட்டையில் மென்மையாக வாசிப்பது என்ற ஒன்றே கைக்கு வராது.

கேடன்சாவை நினைத்து நான் பயந்தது வீண். கே. 414க்கு மோட்ஸார்டே எழுதிவைத்த கேடன்சாக்கள் இரண்டு தொகுப்பாகக் கிடைக்கின்றன. மாணவர்களும் மற்றவர்களும் கேட்டதற்காக எழுதிக் கொடுத்தவையாக இருக்கலாம். எப்படியோ, நமக்கு லாபம். எல்லாக் கான்செர்டோவுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. அடுத்து நான் கண் வைத்திருக்கும் டி மைனர் கான்செர்டோவுக்கு (கே. 466) மோட்ஸார்ட் எழுதிய கேடன்சா எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை, பலரும் பீத்தோவன் எழுதியதைத்தான் வாசிக்கிறார்கள். அந்தக் கான்செர்டோ 1785 பிப்ரவரி 11 அன்று அரங்கேறியபோது, ஒவ்வொரு வாத்தியத்துக்குமான நோட்டைப் படியெடுக்கும் ஆள் கடைசி நிமிடம் வரை எழுதிக்கொண்டிருந்தார், மோட்ஸார்டுக்குக் கடைசிப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. ஒத்திகை போதவில்லை என்று புலம்பும்போதெல்லாம் எனக்கு இது ஆறுதல்.

கடைசியில் நாலு பேர் கிடைத்தார்கள். டீச்சருக்குத் தெரிந்த இரண்டு வயலின்காரர்கள், ஒரு வியோலா, ஒரு செல்லோ. எல்லோரும் வேறு வேறு வேலைக்குப் போகிறவர்கள். டீச்சர் வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேஜையை நகர்த்தி இடம் பண்ணினோம். கண்டக்டர் இல்லாததால் முதல் வயலின்காரர் மூச்சை இழுத்துத் தலையை அசைத்ததுதான் கணக்கு. டுட்டியை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன், நுழைந்துவிட்டேன். மூன்று இடத்தில் சறுக்கினேன், மூன்று தடவையும் அடுத்த ஸ்டாப்பில் ஏறினேன். டீச்சரின் பியானோவோடு வாசித்தபோது தெரியாத ஒன்று அன்று தெரிந்தது. பியானோவில் அடித்த ஸ்வரம் அந்தக் கணமே தேயத் தொடங்கிவிடும், வில் இழுத்த ஸ்வரம் வளரும். மெட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டு நான் பின்வாங்க வேண்டிய இடங்கள் எவை என்று அந்தச் சத்தமே சொல்லிவிட்டது, யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கேடன்சா வந்தது. நாலு பேரும் வாத்தியத்தை இறக்கிவைத்தார்கள். செல்லோக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்தைத் திருப்பினேன், கடைசி வரி வந்தது, ட்ரில்லைத் தொடங்கினேன். அவர் கண்ணாடி இன்னும் கையில்தான் இருந்தது. வேறு வழியில்லை, அவர் அதை மாட்டிக்கொண்டு வில்லைத் தூக்கும்வரை ட்ரில்லை நீட்டிக்கொண்டே இருந்தேன்.